கியர் பாக்ஸை இறக்குவதற்கு முன்: பழைய ஸ்பிட்ஃபயரில் கியர் விழாத கோளாறைக் கண்டுபிடிப்பது

தம்பி, நீங்கள் சொன்னதை முதலில் என் வார்த்தையில் திருப்பிச் சொல்கிறேன். நான் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

பெங்களூரில் மூன்று வருடம் ஷெட்டில் நின்ற 1968ஆம் வருட டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3 காரை வாங்கித் தருமபுரிக்குக் கொண்டுவந்திருக்கிறீர்கள். ஓவர் டிரைவ் இல்லாத நாலு கியர் பாக்ஸ். காலையில் கியர் ஒழுங்காக விழுகிறது. அரை மணி நேரம் ஓடிய பிறகு, வண்டி நிற்கும்போது ஃபர்ஸ்ட்டும் ரிவர்ஸும் கறகறவென்று கத்திக்கொண்டுதான் விழுகின்றன. தேர்டிலிருந்து செகண்டுக்கு இறக்கினால் உரசுகிறது. போன வாரம் சேலம் போகும்போது தொப்பூர் இறக்கத்தில் தேர்டு தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிட்டது. மெக்கானிக் பார்த்துவிட்டு, பாக்ஸை இறக்கி உள்ளே இருக்கும் சின்க்ரோ ரிங் (கியர் விழும்முன் சுற்றும் பாகங்களின் வேகத்தைச் சமமாக்கும் வளையம்) எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்கிறார். இறக்கலாமா என்பது உங்கள் கேள்வி.

இப்போதைக்கு இறக்காதீர்கள். நீங்கள் சொன்னது ஒரே நோய் இல்லை, மூன்று தனித்தனி நோய்கள். அதில் முதலாவது கியர் பாக்ஸுக்கு உள்ளேயே இல்லை என்பது என் கணிப்பு. ஆனால் அதற்கும் முன்னால் ஒன்று: தேர்டு கழலும் கோளாறு தீரும் வரை இந்த வண்டியைத் தொப்பூர் கணவாயில் இறக்க வேண்டாம். அந்த இறக்கத்தில் இன்ஜின் பிடிப்பு போய்விட்டால் பிரேக் மட்டும்தான் மிச்சம். முன்னால் டிஸ்க்கும் பின்னால் டிரம்மும் உள்ள சின்ன வண்டி அது. முன்னும் பின்னும் லாரி நெருக்கும் இடத்தில் பிரேக் சூடேறி விட்டுக்கொடுத்தால் ஒன்றும் செய்ய முடியாது. கியர் கம்பியைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு இறங்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அப்படிப் பிடித்தால் உள்ளே கியரை நகர்த்தும் கவையான ஃபோர்க்கின் நுனி ஓயாமல் உரசித் தேயும். ஒரு கோளாறு இரண்டாகும்.

இந்த பாக்ஸ் எனக்குப் பழக்கமானது. ஸ்பிட்ஃபயரை டிரையம்ஃபின் இன்னொரு காரான ஹெரால்டின் சேஸிஸை வைத்துத்தான் கட்டினார்கள். இரண்டுக்கும் உடலை வரைந்தவர் மிக்கலோட்டி என்ற இத்தாலிய வடிவமைப்பாளர். கியர் பாக்ஸும் அதே குடும்பம். நம்மூரில் ஸ்டாண்டர்ட் கம்பெனி 1961 முதல் சென்னையில் ஹெரால்டு செய்தது. அந்த வண்டிகளில்தான் நான் தொழில் கற்றேன். அதனால் உங்கள் கார் இங்கே அபூர்வமாக இருந்தாலும், அதன் வயிற்றைத் திறந்து பார்த்த கைகள் கிருஷ்ணகிரி, சேலம் பக்கம் இன்னும் இருக்கின்றன.

இளவயதில் ஒரு ஹெரால்டுக்கு இதே புகார் வந்தது. வேலை பார்த்த பட்டறையில் பாக்ஸை இறக்கச் சொன்னார்கள், இறக்கினேன். ரிங், பேரிங், லே ஷாஃப்ட் (பாக்ஸுக்குள் இருக்கும் துணைத் தண்டு) எல்லாம் புதுசு போட்டு நாலு நாள் கழித்து ஏற்றினோம். சாவியைத் திருப்பி ரிவர்ஸ் போட்டால் பழைய கறகறப்பு அப்படியே இருந்தது. கிளட்ச் பெடலையும், மிதித்தால் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் கம்பியையும் இணைக்கும் சின்ன ஆணி, அதாவது பின், பாதி தேய்ந்து, பெடலில் இருந்த ஓட்டை முட்டை வடிவமாகிக் கிடந்தது. அதற்கு ஆகும் காசு ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு. வண்டிக்காரர் கொடுத்த மீதிப் பணம் முழுக்க வீண். அன்றிலிருந்து, வெளியே பார்க்க வேண்டியதைப் பார்த்து முடிக்காமல் நான் பாக்ஸில் ஸ்பேனர் வைப்பதில்லை.

சரி, சோதனைக்கு வருவோம்.

முதலில் இன்ஜினை நிறுத்திவிட்டு எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள். பல்லோடு பல் முட்டி விழாமல் நின்றால் வண்டியை ஒரு சாண் உருட்டிவிட்டு மறுபடி போடுங்கள். இன்ஜின் நிற்கும்போது வெண்ணெய் மாதிரி விழுந்து, ஓடும்போது மட்டும் தகராறு செய்தால் கிளட்ச் முழுதாக விடவில்லை என்று அர்த்தம். இன்ஜின் நின்றும் கம்பி இறுக்கமாக இருந்தால் கோளாறு கம்பியிலோ, பாக்ஸின் மேல் மூடியில் ஃபோர்க்குகளைத் தாங்கும் செலக்டர் தண்டுகளிலோ இருக்கிறது.

அடுத்தது ரிவர்ஸ் சோதனை. வண்டி நன்றாகச் சூடான பிறகு, நியூட்ரலில் ஐடிலிங்கில் விட்டு, கிளட்சை அடிவரை மிதித்துப் பத்து எண்ணுங்கள். எண்ணி முடித்து மெதுவாக ரிவர்ஸ் போடுங்கள். ரிவர்ஸுக்கு சின்க்ரோ கிடையாது. அதனால் அது பொய் சொல்லாது. கிளட்ச் ஒழுங்காக விட்டிருந்தால் அந்தப் பத்து எண்ணுக்குள் உள்ளே சுற்றிக்கொண்டிருந்த ஷாஃப்ட் நின்றுவிடும், ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழும். பத்து எண்ணிய பிறகும் கத்தினால் இன்ஜின் இன்னும் அந்த ஷாஃப்ட்டை இழுத்துக்கொண்டிருக்கிறது. எண்ணாமல் போட்டால் கத்துகிறது, எண்ணிப் போட்டால் கத்தவில்லை என்றால் அது கோளாறே இல்லை. கொஞ்சம் பொறுத்துப் போடப் பழகினால் போதும்.

உங்கள் வண்டியில் ஃபர்ஸ்ட்டுக்கும் சின்க்ரோ இல்லை. செகண்ட், தேர்டு, டாப் (நாலாவது) மூன்றுக்கும்தான் உண்டு. ஃபர்ஸ்ட்டுக்கும் சின்க்ரோ வந்தது அதற்கு அடுத்த மார்க் 4 மாடலில். ஆகவே வண்டி உருண்டுகொண்டிருக்கும்போது ஃபர்ஸ்ட் போட்டால் கத்துவது அதன் இயல்பு. நிற்கும்போதும் கத்துகிறது என்பதுதான் நீங்கள் சொன்னதில் எனக்கு முக்கியமான தகவல். ஃபர்ஸ்ட்டும் ரிவர்ஸும் சேர்ந்து, சூடான பிறகு மட்டும், நின்ற நிலையில் கத்துகின்றன என்றால் என் கை நேராக கிளட்சைக் காட்டுகிறது.

கிளட்ச் விடாததற்குப் பல காரணங்கள் உண்டு. பார்க்க எளிதானதிலிருந்து போவோம். பெடலுக்குக் கீழே தலையைக் கொடுத்து அந்தப் பின்னை டார்ச் அடித்துப் பாருங்கள். பெடலைக் கையால் லேசாக ஆட்டும்போது, மாஸ்டர் சிலிண்டர் கம்பி நகர ஆரம்பிப்பதற்குள் பெடல் எவ்வளவு சும்மா போகிறது என்று கவனியுங்கள். விரல் பருமன் அளவுக்குப் போனால் பின்னும் ஓட்டையும் போய்விட்டன. பெடல் ஓட்டையை வெல்டு வைத்து நிரப்பித் திரும்பத் துளை போடலாம், அல்லது பெரிதாக்கி புஷ் இறக்கலாம். ஓசூரில் லேத் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. சிப்காட் கம்பெனிகளுக்கு வேலை செய்து கொடுப்பவர்கள் அவர்கள். பழைய பின்னை மாதிரிக்குக் கொடுத்தால் அச்சு அசலாகச் செய்து தருவார்கள். சாதாரண இரும்புக் கம்பியில் செய்யாமல் ஹார்டனிங் செய்து தரச் சொல்லுங்கள்.

அப்புறம் ஸ்லேவ் சிலிண்டர். மாஸ்டர் தள்ளும் ஆயிலை வாங்கி கிளட்சை விடவைப்பது இதுதான். ஸ்பிட்ஃபயரில் அது பெல் ஹவுசிங்கின் (கிளட்சை மூடியிருக்கும் கூடு) மேல் பக்கம், உள்ளே கார்பெட்டுக்கும் டனல் மூடிக்கும் (இரண்டு சீட்டுக்கும் நடுவே பாக்ஸை மறைக்கும் மூடி) அடியில் ஒளிந்திருக்கிறது. மூடியைக் கழற்றிவிட்டு, ஒருவர் பெடலை மிதிக்க, ஸ்லேவின் கம்பி எவ்வளவு வெளியே வருகிறது என்று ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளுங்கள். அரை அங்குலத்துக்குப் பக்கமாக, அதாவது 12 மி.மீ. அளவுக்கு வர வேண்டும். எட்டு, ஒன்பது மி.மீ. மட்டும் வந்தால் உங்கள் நோய் அங்கேயே கிடைத்துவிட்டது. குளிர்ந்தபோது ஒரு தடவை, அரை மணி நேரம் ஓட்டிச் சூடாக்கி ஒரு தடவை என்று இரண்டு முறை அளங்கள். உங்கள் புகார் சூட்டோடு சேர்ந்து வருவதால், அந்த இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசம்தான் எனக்கு வேண்டும்.

சூட்டில் அளவு குறைந்தால், சந்தேகம் எண்ணெய்க்கும் ரப்பருக்கும் போகும். மூன்று வருடம் நின்ற வண்டியில் கிளட்ச் லைனில் இருக்கும் பிரேக் ஆயில் ஈரத்தைக் குடித்திருக்கும், ஸ்லேவ் உள்ளே துரு பிடித்திருக்கும், ரப்பர் வாஷர் விளிம்பு கிழிந்திருக்கும். பெடலை இரண்டு மூன்று தடவை அடித்தால் கியர் நன்றாக விழுகிறதா? அப்படியானால் லைனில் ஏர் இருக்கிறது. முழுதாக மிதித்து ஃபர்ஸ்ட் போட்டு, அப்படியே அரை நிமிடம் பிடித்திருந்தால் வண்டி மெல்ல முன்னால் ஊர ஆரம்பிக்கிறதா? அப்படியானால் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் வாஷரைத் தாண்டி ஆயில் உள்ளுக்குள்ளேயே திரும்புகிறது. இந்தச் சோதனையை முன்னால் ஆளோ சுவரோ இல்லாத வெட்டவெளியில் செய்யுங்கள். ஏர் எடுக்கும்போது ஸ்லேவின் நிப்பிள் (ஏரை வெளியே விடும் திருகு) மேல்பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். கீழ்நோக்கி மாட்டியிருந்தால் எத்தனை தடவை எடுத்தாலும் ஒரு குமிழ் உள்ளேயே நிற்கும். டாட் 3 அல்லது டாட் 4 ஆயிலைத் தவிர வேறு எதையும் ஊற்றாதீர்கள். மினரல் ஆயில் ஒரு துளி பட்டாலும் ரப்பர் ஊதிவிடும்.

அளவு சூட்டிலும் சரியாக வருகிறது, இருந்தும் ரிவர்ஸ் கத்துகிறது என்றால் அடுத்த இடத்தைப் பாருங்கள். இதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன், ஏனென்றால் பல பேர் இதைப் பார்ப்பதே இல்லை. பானெட்டைத் திறந்து, இன்ஜினை நிறுத்திவிட்டு, இன்ஜினின் முன் முனையில் இருக்கும் கிராங்க் புல்லியை (கிராங்க் தண்டோடு சுற்றும் பெல்ட் சக்கரம்) பார்த்துக்கொண்டிருங்கள். வேறொருவர் கிளட்சை மிதித்து மிதித்து விடட்டும். புல்லி முன்னால் நகர்ந்து பின்னால் வருவது கண்ணுக்கே தெரிகிறதா?

தெரிந்தால் வண்டியை அதோடு நிறுத்திவிடுங்கள். இந்த டிரையம்ஃப் இன்ஜினில் கிராங்க் முன்பின் போகாமல் தாங்குவது பின் மெயின் பேரிங்கின் இரு பக்கமும் இருக்கும் அரைவட்ட திரஸ்ட் வாஷர்கள். ஒவ்வொரு முறை கிளட்ச் மிதிக்கும்போதும் கிராங்க் முன்னால் தள்ளப்பட்டு, பின்பக்க வாஷர்தான் தேய்கிறது. முன்பின் ஆட்டம் 0.10 முதல் 0.20 மி.மீ. வரை இருக்கலாம். அதைக் கண்ணால் பார்க்க முடியாது, டயல் கேஜ் வைத்தால்தான் தெரியும். கண்ணுக்குத் தெரிகிற அளவு ஆடினால், நீங்கள் பெடலில் மிதிக்கும் தூரத்தில் ஒரு பங்கை கிராங்கே விழுங்கிவிடுகிறது, கிளட்ச் விடாது. அந்தத் தேய்ந்த வாஷர் இன்னும் மெலிந்தால் கழன்று சம்ப்புக்குள் (இன்ஜினின் அடி ஆயில் தொட்டி) விழும். அதன் பிறகு கிராங்க் நேராக பிளாக்கில் உரசும். அந்த நிலைக்குப் போன பிளாக்கைத் திரும்ப எடுப்பது பெரிய வேலை. வாஷர் மாற்றுவதோ சம்ப்பை மட்டும் கழற்றிக் கீழிருந்தே செய்யக்கூடிய வேலை. பள்ளம் வெட்டிய முகம் கிராங்கைப் பார்த்து இருக்க வேண்டும், திருப்பிப் போட்டுவிடாதீர்கள்.

ஐடிலிங்கில் கிளட்ச் மிதித்தவுடன் இன்ஜின் சத்தம் சற்று அமுங்கித் திணறினாலும் இதே சந்தேகம்தான். அப்புறம் ஒரு பழக்கம்: சிக்னலிலோ டோல் கேட் வரிசையிலோ ஃபர்ஸ்ட்டில் போட்டு கிளட்சை மிதித்தபடி நிற்காதீர்கள். நியூட்ரலுக்கு வந்து காலை எடுத்துவிடுங்கள். இந்த வாஷர்களின் ஆயுள் அதில்தான் இருக்கிறது.

புல்லியும் ஆடவில்லை, ஸ்லேவும் ஒழுங்கு என்றால் மிஞ்சுவது கிளட்ச் பிளேட்டும், கிராங்கின் நுனியில் பாக்ஸின் ஷாஃப்ட் முனையைத் தாங்கும் பைலட் புஷ்ஷும். நின்ற வண்டியில் பிளேட் ஃப்ளைவீலோடு துருவால் ஒட்டிக்கொள்வது சகஜம். ஆனால் அப்படி ஒட்டியிருந்தால் காலையிலேயே கியர் விழாது, உங்கள் வண்டியில் விழுகிறது. பைலட் புஷ் காய்ந்து பிடித்துக்கொண்டால் கிளட்ச் விட்டும் ஷாஃப்ட் சுற்றிக்கொண்டே இருக்கும், அதுவும் சூட்டில் அதிகமாகும். வெளியிலிருந்து அதை நேராகப் பார்க்க வழியில்லை. மற்ற எல்லாவற்றையும் விலக்கிய பிறகுதான் அதன் மேல் பழி போட வேண்டும். பாக்ஸ் எப்படியும் இறங்குகிறதென்றால் அதை மாற்றாமல் விடாதீர்கள். புது புஷ்ஷை ஒரு இரவு முழுக்க இன்ஜின் ஆயிலில் ஊறவைத்துவிட்டு அடியுங்கள்.

இப்போது செகண்ட். கிளட்சைச் சரிசெய்யாமல் செகண்ட் சின்க்ரோவைப் பற்றித் தீர்ப்புச் சொல்லவே கூடாது. கிளட்ச் இழுக்கும்போது சின்க்ரோ ரிங் இன்ஜினோடு மல்லுக்கட்டுகிறது, நல்ல ரிங்கும் தோற்றுப்போகும். எல்லா கியரும் கத்தினால் கிளட்ச், ஒரே ஒரு கியர் மட்டும் கத்தினால் அந்த கியரின் ரிங் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கிளட்ச் சரியான பிறகு பாலக்கோடு சாலையில் வண்டி நடமாட்டம் குறைவாக இருக்கும் நேரத்தில் போய், தேர்டில் 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓடி, செகண்டுக்கு ஒரு முறை வேகமாகவும் ஒரு முறை நிதானமாகவும் இறக்குங்கள். அப்புறம் ஒரு முறை இரட்டை கிளட்ச் போட்டு இறக்குங்கள். அதாவது கிளட்ச் மிதித்து நியூட்ரலுக்கு வாருங்கள், கிளட்சை விடுங்கள், ஆக்சிலேட்டரை ஒரு தட்டு தட்டி இன்ஜின் வேகத்தை ஏற்றுங்கள், மறுபடி மிதித்து செகண்ட் போடுங்கள். வேகமாகப் போட்டால் கத்தி, இரட்டை கிளட்சில் கத்தாமல் விழுந்தால் செகண்ட் ரிங் தேய்ந்துவிட்டது. உடனே மாற்ற வேண்டிய அவசரம் இல்லை. இரட்டை கிளட்ச் பழகியவர்கள் தேய்ந்த ரிங்கோடு வருடக்கணக்கில் ஓட்டியிருக்கிறார்கள்.

ரிங்குக்கு முன்னால் ஆயிலைப் பாருங்கள். இந்த பாக்ஸுக்கு 90 நம்பர் கியர் ஆயில்தான், ஆனால் ஜிஎல்-4 தரம். கடையில் கேட்டால் ஜிஎல்-5 எடுத்துக் கொடுப்பார்கள், இதுதான் உசத்தி என்பார்கள். பின்னால் டிஃபரன்ஷியலுக்கு அது சரி. கியர் பாக்ஸில் சின்க்ரோ ரிங் பித்தளை இனத்தைச் சேர்ந்தது. ஜிஎல்-5 ஆயிலில் அதிகமாக இருக்கும் கந்தகச் சேர்மானம் அந்த உலோகத்தை அரிக்கக்கூடியது. அதோடு வழுக்கல் கூடிவிட்டால் ரிங்குக்குத் தேவையான பிடிப்பு கிடைக்காது. பாக்ஸ் மொத்தமாகக் குடிப்பது சுமார் 850 மில்லிதான். அதில் கால் லிட்டர் ஒழுகிப்போனாலே பெரிய குறை. பழைய ஆயிலை எடுத்து வெள்ளைத் துணியில் ஊற்றி, அதில் ஒரு காந்தத்தை ஓட்டுங்கள். காந்தத்தில் மை மாதிரி சாம்பல் நிறச் சேறு ஒட்டினால் அது வயதுக்கு உரியது. துணியில் தங்கத் தூள் மாதிரி மினுங்கினால் ரிங் கரைகிறது. நகம் போல இரும்புச் சில்லு வந்தால் பல் உடைந்திருக்கிறது, அப்போது மறு பேச்சில்லாமல் இறக்க வேண்டும். மார்கழி, தை மாதக் காலையில் முதல் இரண்டு கிலோமீட்டர் செகண்ட் கொஞ்சம் முரண்டு பிடிப்பது ஆயில் கெட்டியாக இருப்பதால், அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

கடைசியாகத் தேர்டு. இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டவுடன் கழல்கிறது, ஏற்றத்தில் கழலவில்லை என்று எழுதியிருந்தீர்கள். முதலில் கியர் கம்பியைச் சுற்றியிருக்கும் கார்பெட்டையும் ரப்பர் உறையையும் பாருங்கள். விற்றவர் புது கார்பெட் போட்டுக் கொடுத்ததாகச் சொன்னீர்கள். தடிமனான கார்பெட் கம்பியை முழுத் தூரம் போகவிடாமல் தடுத்தால் கியர் பாதிதான் கடித்திருக்கும், சுமை மாறியதும் தெறித்துவிடும். அதைக் கழற்றி வைத்துவிட்டு, அவசரமில்லாத ஒரு சின்ன இறக்கத்தில் ஓட்டிப் பாருங்கள். ஓட்டும்போது கம்பியின் மேல் உள்ளங்கையைச் சும்மா வைத்துக்கொண்டு ஆக்சிலேட்டரை மிதித்து மிதித்து விடுங்கள். கம்பி முன்னும் பின்னும் துள்ளினால் இன்ஜினும் பாக்ஸும் சேர்ந்து நகர்கின்றன, பாக்ஸின் வால்பக்க ரப்பரும் இன்ஜின் மவுண்டிங்கும் நைந்துவிட்டன. கம்பி இரு பக்கமும் தொளதொளவென்று ஆடினால் அதன் அடியில் இருக்கும் நைலான், ரப்பர் புஷ்கள் போய்விட்டன.

இவை எல்லாம் சரி என்றால்தான் மேல் மூடியைக் கழற்ற வேண்டும். இதற்கும் பாக்ஸை இறக்கத் தேவையில்லை. இந்த வண்டியின் பெரிய வசதியே அதுதான்: டனல் மூடியை எடுத்தால் பாக்ஸின் மேல்பக்கம் உங்கள் மடிக்குப் பக்கத்தில் இருக்கும். மேல் மூடியோடு செலக்டர் தண்டுகளும் ஃபோர்க்குகளும் சேர்ந்து வெளியே வரும். நியூட்ரலில் வைத்துக் கழற்றுங்கள். தண்டுகளைப் பூட்டும் குண்டும் ஸ்பிரிங்கும் தெறித்து ஓடும், கீழே ஒரு துணி விரித்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங் சோர்ந்திருக்கிறதா, தண்டில் குண்டு உட்காரும் பள்ளம் மழுங்கிவிட்டதா, ஃபோர்க் நுனி ஒரு பக்கம் சாய்வாகத் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இந்த மூன்றில் ஒன்று என்றால் அதே இடத்தில் உட்கார்ந்து முடித்துவிடலாம். மூடி திறந்திருக்கும்போதே தேர்டு கியரை விரலால் முன்பின் தள்ளுங்கள், அதன் நாய்ப்பல் (கியர் விழுந்ததும் கடித்துப் பிடிக்கும் சின்னப் பற்கள்) முனைகளையும் பாருங்கள். முனை உருண்டிருந்தாலோ, கியர் ஷாஃப்ட்டில் தாராளமாக முன்பின் போனாலோ அப்போது பாக்ஸ் இறங்கத்தான் வேண்டும்.

அப்படி இறக்கும் நிலை வந்தாலும் பயப்பட வேண்டாம். சீட்டுகளையும் டனல் மூடியையும் எடுத்து, புரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றி, பாக்ஸைப் பின்னால் இழுத்துக் காருக்குள் வழியாகவே வெளியே தூக்கிவிடலாம். இரண்டு பேர் போதும், இன்ஜினைத் தொட வேண்டியதில்லை. இறக்குவதற்கு முந்தின நாள் ஓட்டிப் பார்த்து, சத்தங்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்டில் இரைந்து டாப்பில் அமைதியானால் லே ஷாஃப்ட், ஏனென்றால் டாப் கியர் நேரடி ஓட்டம், லே ஷாஃப்ட்டுக்குச் சுமை இல்லை. நியூட்ரலில் இரைந்து, கிளட்ச் மிதித்தால் நின்றால் முன் பேரிங். மிதிக்கும்போது மட்டும் கிரீச்சிட்டால் கிளட்சைத் தள்ளும் ரிலீஸ் பேரிங். பாக்ஸ் வெளியே இருக்கும்போது இவற்றை ஒரே மூச்சில் மாற்றிவிட வேண்டும். ஹெரால்டு ரிங் பொருந்தும் என்று யாராவது கொடுத்தால் பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து, பல் எண்ணிக்கையையும் விட்டத்தையும் ஒப்பிட்ட பிறகு வாங்குங்கள். ஒரே குடும்பம் என்றாலும் வருடத்துக்கு வருடம் பாகங்கள் மாறியிருக்கின்றன.

இந்த வாரம் மூன்று காரியம் மட்டும் செய்யுங்கள்: பெடல் பின், ஸ்லேவ் அளவு குளிரிலும் சூட்டிலும், கிராங்க் புல்லி. அந்த இரண்டு மி.மீ. அளவுகளையும் புல்லி ஆடியதா இல்லையா என்பதையும் எழுதி அனுப்புங்கள். புல்லி ஆடினால் எனக்கு எழுதும் வரை காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே சம்ப்பைக் கழற்றச் சொல்லிவிடுங்கள்.